மகளுக்காகத் துப்பாக்கி ஏந்தும் தந்தை: சில ஜப்பானியக் குற்றப் புதினங்களை முன்வைத்து

எடோ காலத்து ஜப்பானில், அதாவது 1868க்கு முன் சாமுராய்கள் ஆட்சி செய்த காலத்தில், பழிக்குப்பழி கொல்வதற்கு ஒழுங்கான நடைமுறை ஒன்று இருந்தது. கொல்லப்பட்டவர் தந்தை, தாய், அண்ணன் என்று தன்னைவிட மூத்த உறவாக இருக்க வேண்டும். பழிதீர்க்கப் புறப்படும் சாமுராய் தன் பிரபுவிடம் அனுமதி பெற வேண்டும். அவன் பெயர் அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும். எதிரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொன்றபின் கணக்கு அத்துடன் முடிந்துவிட வேண்டும், கொல்லப்பட்டவனின் பிள்ளை மறுபடியும் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. 'கதகியுச்சி' எனப்பட்ட இந்த வழக்கத்தைப் பற்றிப் படித்தபோது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த முதல் விதிதான். மூத்தவருக்காக இளையவர் பழிவாங்கலாம். இளையவருக்காக மூத்தவர் பழிவாங்க அனுமதி கிடைக்காது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தந்தைக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. பழிவாங்குவதைப் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக அந்தச் சமூகம் வைத்திருந்ததே தவிர, துயரத்துக்கு வடிகாலாக வைத்திருக்கவில்லை.

1868இல் ஆட்சியைக் கைப்பற்றிய புதிய மெய்ஜி அரசு 1873ஆம் ஆண்டில் இந்த வழக்கத்தைத் தடைசெய்தது. தண்டிக்கும் உரிமை இனி அரசுக்கு மட்டுமே என்று அறிவித்துவிட்டால் மனிதர்கள் கேட்டுக்கொள்வார்களா என்ன. 1868இல் அக்கிசுக்கி என்னும் சிற்றரசில் தாயும் தந்தையும் ஒரே இரவில் வெட்டிக் கொல்லப்பட்டதைச் சிறுவயதில் அறிந்த உசுய் ரொக்குரோ, பல்லாண்டு காத்திருந்து, 1880 டிசம்பரில் தோக்கியோவில் தன் தந்தையைக் கொன்றவரைக் கொன்றார். இதில் முரண் என்னவென்றால், கொலையாளி அதற்குள் புதிய அரசின் நீதிபதியாகியிருந்தார். ரொக்குரோ தாமாகவே சென்று சரணடைந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் செய்திருந்தால் போற்றப்பட்டிருக்கக்கூடிய செயலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, 1891இல் விடுதலையானார். மக்களின் பரிவு முழுவதும் அவர் பக்கமே இருந்தது. நீதிபதியின் குடும்பத்துக்கும் ஒரு துயரம் உண்டு என்பதைக் கதை சொன்னவர்கள் அதிகம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இந்தப் பழைய செய்திகளையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணமாக அமைந்தவை இரண்டு புதினங்கள். கெய்கோ ஹிகாஷினோ 2004இல் வெளியிட்ட 'சமயோ யாய்பா', கனாயே மினாத்தோ 2008இல் வெளியிட்ட 'கொக்குஹக்கு'. இரண்டிலும் பழிவாங்குபவர், எடோ காலத்து விதி அனுமதிக்காத அந்த மனிதர்: பிள்ளையை இழந்த தந்தை, பிள்ளையை இழந்த தாய். இரண்டிலும் கொன்றவர்கள் வயது வராத பையன்கள்; ஆகவே சட்டம் அவர்களைத் தண்டிப்பதைவிடத் திருத்துவதிலேயே கருத்தாக இருக்கும். இரண்டின் முடிவுகளையும் சொல்லாமல் நான் நினைப்பதை எழுத முடியாது. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் புதினங்களைப் படித்துவிட்டு வந்து தொடரலாம்.

முதலாவது புதினத்தின் நாகமினே, மனைவியை முன்பே இழந்தவர், ஒரே மகளோடு வாழ்பவர். வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தப் பெண்ணைச் சில இளைஞர்கள் கடத்திச் சீரழிக்கிறார்கள், அவள் இறக்கிறாள். சில நாட்களுக்குப் பின், பெயர் சொல்லாத ஒரு குரல் தொலைபேசியில் குற்றவாளிகளின் பெயரையும் அவர்களில் ஒருவனின் முகவரியையும் சொல்கிறது. அந்த வீட்டுக்குள் நுழையும் நாகமினே அங்கே ஒளிநாடாக்களைக் கண்டெடுக்கிறார். அவற்றில் ஒன்றில் தம் மகளையே பார்க்கிறார். அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பும் பையனைக் கொன்றுவிடுகிறார். பிறகு வேட்டைத் துப்பாக்கியுடன் அடுத்தவனைத் தேடிக் கிளம்புகிறார். காவல்துறைக்கு ஒரு கடிதமும் எழுதுகிறார்: கொன்றது தாம்தான், மற்றவனையும் முடித்தபின் சரணடைகிறேன் என்று. கடிதம் வெளியாகிறது, நாடே அவருக்காகப் பேசத் தொடங்குகிறது, துரத்தும் காவலர்களுக்கே தாங்கள் யாரைக் காப்பாற்ற ஓடுகிறோம் என்ற குழப்பம் வருகிறது.

அந்த ஒளிநாடாக் காட்சியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கொடூரத்துக்காக மட்டும் இல்லை. அதுவரை ஒரு தந்தையின் நினைவில் இருந்த பெண், குழந்தையாக நடந்தவள், பள்ளிக்குப் போனவள், அன்று மாலை உடுத்திக்கொண்டு கிளம்பியவள், அனைவரும் அந்தக் கணத்தில் அழிந்துபோகிறார்கள். மகளைப் பற்றி அவரிடம் எஞ்சும் கடைசிக் காட்சி கொலைகாரர்கள் படம்பிடித்த காட்சி. அதற்குப் பிறகு புதினத்தில் அவள் மெல்ல மெல்லக் காணாமல் போகிறாள். பக்கங்களை நிரப்புவது தப்பி ஓடுகிறவனின் பெயரும் அவன் ஒளிந்திருக்கக்கூடிய இடங்களும்தான். முதலில் இதைப் புதினத்தின் குறையாகவே எண்ணினேன். இறந்தவளுக்கு ஆசிரியர் இன்னும் கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகுதான் அது கணக்குப் போட்டுச் செய்த வேலை என்று பிடிபட்டது. வேட்டையாடுகிறவன் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருப்பது வேட்டைப்பொருளை. அந்த மனத்தில் மகளுக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது.

பழிவாங்கும் கதைகள் பெரும்பாலும் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. அவை தங்கள் நாயகனுக்கு ஒரு பெரிய உதவியையும் செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடும். குற்றவாளி யார் என்பது நாயகனுக்கும் நமக்கும் ஐயமறத் தெரியும். சட்டத்தைக் கையில் எடுப்பது சரியா, தவறா என்று நாம் சூடாக விவாதிக்கத் தொடங்குவது அந்த உதவியைப் பெற்றுக்கொண்ட பிறகுதான். விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் தடுமாறிக்கொண்டு தேடுவதெல்லாம் அந்த ஒன்றைத்தானே? எழுத்தாளர் அதை ஒரு தொலைபேசி அழைப்பில் கொடுத்துவிடுகிறார். ஹிகாஷினோவின் நேர்மை, அந்த அழைப்பைக் கடைசிவரை மறக்காமல் இருப்பதில் இருக்கிறது. பின்னாளில் நாகமினேக்குத் தகவல் கொடுத்துவந்தவர் யார் என்ற கேள்விக்குப் புதினத்தின் இறுதியில் விடை கிடைக்கிறது: விசாரணைக் குழுவின் தலைவரேதான். அரசு பழிவாங்கும் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அதே அரசின் அலுவலர் ஒருவர் அதை ரகசியமாகத் திருப்பிக் கொடுக்கிறார். தனிமனித நீதி என்று நாம் நினைத்தது அவ்வளவு தனியானதாக இல்லை. நாகமினே சுடத் தயாராக இருந்தார், குறிபார்த்துக் கொடுத்தவர் வேறொருவர்.

இந்த ஐயமின்மையை நாயகனுக்குக் கொடுக்க மறுத்த புதினமும் ஒன்று உண்டு. பிரையன் கார்ஃபீல்ட் 1972இல் எழுதிய 'டெத் விஷ்' புதினத்தில், நியூயார்க் நகரத்துக் கணக்காயர் ஒருவரின் மனைவி வீட்டிலேயே தாக்கப்பட்டு இறக்கிறாள், மகள் மனம் கலங்கிப்போகிறாள். தாக்கியவர்களை அவர் கடைசிவரை கண்டுபிடிப்பதே இல்லை. இரவுகளில் துப்பாக்கியோடு அலைந்து, அவர்களைப் போன்றவர்களைச் சுடுகிறார். இறந்த மனைவிக்கும் அந்தத் தோட்டாக்களுக்கும் தொடர்பு அறுந்து நெடுநாளாகிவிட்டது என்பதை வாசகர் உணர வேண்டும் என்று ஆசிரியர் எண்ணியிருந்தார். 1974இல் அது திரைப்படமானபோது அரங்குகளில் கைதட்டல் எழுந்தது. அதில் மனம் நொந்த கார்ஃபீல்ட் மறு ஆண்டே அதற்கு மறுப்புப் போல இன்னொரு புதினத்தை எழுதினார். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கண்ணகி நினைவுக்கு வராமல் போகமாட்டாள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அவள் முதலில் செய்வது வாதம். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்பதை அவையின் நடுவே சிலம்பை உடைத்து மெய்ப்பிக்கிறாள். தீர்ப்பளித்த அரசனே தவறை ஒப்புக்கொண்டு உயிர்விடுகிறான். இவ்வளவு தெளிவான நிரூபணம் எந்தத் திகில் கதையிலும் கிடையாது. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மதுரை எரிகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்போரைக் கைவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்று நெருப்புக்கு ஆணையிடப்படுகிறது. யார் தீயவர் என்று பிரித்தறியும் வேலையை, சற்றுமுன் சிலம்பை உடைத்து ஆதாரம் காட்டிய அதே பெண், இப்போது நெருப்பிடம் விட்டுவிடுகிறாள். இளங்கோவடிகள் இதை விளக்க முயலவில்லை, நானும் முயலவில்லை.

மினாத்தோவின் புதினத்துக்கு வருகிறேன். இது வேறு வகை. நடுநிலைப்பள்ளி ஆசிரியை மொரிகுச்சி, பணியிலிருந்து விலகும் நாளில் வகுப்பின் முன் நின்று அமைதியாகப் பேசுகிறார். பள்ளி நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்ததாக எல்லோரும் நம்பும் தம் நான்கு வயது மகள் உண்மையில் கொல்லப்பட்டாள் என்றும், கொன்ற இருவரும் இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அவர்களுக்கு வயது பதின்மூன்று. ஜப்பானியத் தண்டனைச் சட்டப்படி 14 வயது நிரம்பாதவர்களைத் தண்டிக்க முடியாது. ஆகவே அவர்கள் குடித்து முடித்த பாலில் எச்ஐவி கிருமியுள்ள இரத்தத்தைக் கலந்திருப்பதாக அறிவித்துவிட்டு விடைபெறுகிறார். அதன் பிறகு அவர் கையால் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அச்சம், வகுப்புத் தோழர்களின் வன்மம், ஒரு தாயின் கண்மூடித்தனமான பாசம் எல்லாம் சேர்ந்து அவருக்காக வேலை செய்கின்றன. பையன்களில் ஒருவன் தன் தாயைக் கொல்கிறான். இன்னொருவன் பள்ளியில் வைத்த வெடிகுண்டை, அவன் ஏங்கிக்கொண்டிருந்த தாயின் ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாற்றிவிட்டதாக மொரிகுச்சி தொலைபேசியில் சொல்வதோடு புதினம் முடிகிறது.

கட்டமைப்பில் இது ஹிகாஷினோவின் புதினத்தைவிடக் கூர்மையானது. 2009இல் ஜப்பானியப் புத்தகக் கடைப் பணியாளர்கள் தேர்ந்தெடுக்கும் விருதை இது பெற்றதில் வியப்பில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த ஆசிரியை எதிலும் தவறுவதே இல்லை. யார் எதற்கு எப்படி நடந்துகொள்வார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அப்படி எதுவும் தெரியாது. அடுப்பில் பால் வைத்ததே நினைவிருக்காது. மொரிகுச்சியின் குற்றங்களைவிட அவருடைய திறமைதான் என்னை விலக்கி நிறுத்தியது. பழிவாங்கும் கதையில் துயரம் எவ்வளவு கச்சிதமாகச் செயல்படுகிறதோ அவ்வளவுக்கு அது துயரமாக இல்லாமல் போகிறது.

இந்தப் புதினங்கள் வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை. 1997இல் கோபே நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் குழந்தைகளைக் கொன்ற வழக்கு நாட்டையே உலுக்கியது. 2000ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, குற்றவியல் தண்டனைக்கு உட்படும் வயது 16இலிருந்து 14 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில், 1999 ஏப்ரலில், யமகுச்சி மாவட்டத்தின் ஹிக்காரி நகரில் ஓர் இளம் பெண்ணும் அவளுடைய 11 மாதக் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு வயது 18. இறந்தவர்களின் உருவப்படத்தைக் கணவர் நீதிமன்றத்துக்குள் எடுத்துச் செல்ல முயன்றபோது தடுக்கப்பட்டார். 2000இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும், செய்தியாளர்கள் முன்னிலையில் அவர் நீதித்துறையின்மேல் நம்பிக்கை இழந்துவிட்டதாகச் சொன்னார். குற்றவாளியைச் சீக்கிரமே வெளியே விட்டுவிடுங்கள், என் கையாலேயே கொல்கிறேன் என்னும் பொருள்படப் பேசினார். எந்தப் பழிவாங்கும் புதினத்துக்கும் இதுதான் முதல் அத்தியாயம்.

அவர் யாரையும் கொல்லவில்லை. அதே 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்காக ஒரு சங்கம் உருவாகியிருந்தது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் இசாவோ ஒகமுரா. பல்லாண்டு வழக்கறிஞராக இருந்து, வழக்கறிஞர் கூட்டமைப்பின் துணைத் தலைவராகவும் பணியாற்றியவர். ஒரு வழக்கில் அவர்மேல் வன்மம் கொண்ட மனிதன் 1997இல் அவருடைய மனைவியைக் கொன்றான். அத்தனை காலம் நீதிமன்றத்திலேயே வாழ்ந்தவர், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்த அறையில் பார்வையாளர் இருக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை அதன் பிறகே உணர்ந்தார். ஹிக்காரி நகரத்துக் கணவரும் இந்தச் சங்கத்தில் இணைந்தார். கையெழுத்து வாங்குவது, அமைச்சர்களைச் சந்திப்பது, கூட்டம் போடுவது என்று சலிப்பூட்டும் வேலைகள். 2004இல் பாதிக்கப்பட்டோருக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. 2008 டிசம்பர் முதல், கொலை போன்ற கடுமையான குற்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தினரோ அரசுத் தரப்பு வழக்கறிஞரின் பக்கத்தில் அமரவும், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கவும், தண்டனை குறித்துக் கருத்துச் சொல்லவும் வழி ஏற்பட்டது. 2010இல் கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு நீக்கப்பட்டது.

இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஒகமுரா துணைத் தலைவராக இருந்த அதே வழக்கறிஞர் கூட்டமைப்பு எதிர்த்தது. இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாத ஒருவர் முன், இழப்பின் வேகத்தில் இருப்பவரை உட்கார வைத்தால் நீதிமன்றம் பழிவாங்கும் இடமாகிவிடாதா என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். கேள்வி கேட்கும் தந்தையின் கண்ணீர், எதிரே இருப்பவன் வேறு ஆளாக இருந்துவிட்டால், அவனைச் சாய்க்கும். தொலைபேசிக் குரல் கொடுத்த ஐயமின்மையைத் தந்தையின் துயரமே கொடுத்துவிடும் அபாயம் அதில் உண்டு.

ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கும் உரிமையின் மதிப்பு எனக்குத் தெரியும். என் பெரியப்பாவின் மூத்த மகன் இரவில் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தார். மோதியவர் நிற்காமல் சென்றுவிட்டார். பிறகு பிடிபட்டு, வழக்கு நடந்து, இழப்பீடும் கிடைத்தது. உறவினர்கள் சிலர் அந்த ஓட்டுநரின் கையைக் காலை எடுத்துவிட வேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நாட்களில், பெரியப்பா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. அவருக்கு ஓட்டுநரிடம் ஒன்றைத்தான் கேட்க வேண்டியிருந்தது: இறங்கிப் பார்த்தீர்களா, அப்போது பையனுக்கு நினைவு இருந்ததா, ஏதாவது சொன்னானா. அது வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி என்று எங்கள் வக்கீல் சொன்னார், சட்டப்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. உறவினர்கள் சொன்னபடி யாராவது அந்த ஓட்டுநரை அடித்துக் கொன்றிருந்தால், பதில் தெரிந்த ஒரே ஆளும் போயிருப்பார்.

பழிவாங்கும் புதினங்களில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். 'யார்' என்ற கேள்விக்கு அவை விடை கொடுத்துவிடுகின்றன. கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது, அவள் யாரைக் கூப்பிட்டாள், ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று துயரம் கேட்டுக்கொண்டே இருக்கும் மற்றக் கேள்விகளுக்கு உயிரோடு இருக்கும் குற்றவாளி மட்டுமே பதில் சொல்ல முடியும். அவன்கூடச் சொல்லமாட்டான், சொன்னாலும் பொய் சொல்லுவான். ஹிக்காரி வழக்கில் 2008இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது, கொலை நடந்து ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் கேட்ட தீர்ப்பைப் பெற்ற அந்தக் கணவர், இதில் வென்றவர் எவரும் இல்லை என்று சொன்னார். மரண தண்டனையை ஏற்காத எனக்கு அவருடைய கோரிக்கையோடு உடன்பாடில்லை. இருந்தும் 13 ஆண்டு நீதிமன்றப் படியேறிய ஒருவரை, மலையோர விடுதிகளில் துப்பாக்கியோடு ஒளிந்து திரியும் நாகமினேயைவிட மனவுறுதி குறைந்தவராக என்னால் நினைக்க முடியவில்லை. அப்படிப்பட்டவரை நாயகனாக வைத்துத் திகில் புதினம் எழுதுவது கடினம். வழக்கு ஒத்திவைக்கப்படுவதில் என்ன விறுவிறுப்பு இருக்கிறது?

'சமயோ யாய்பா'வில் வகாகோ என்றொரு பாத்திரம் வருகிறாள். நாகானோவில் தந்தையோடு ஒரு சிறு விடுதி நடத்துகிறவள். நாகமினே அங்கே வந்து தங்குகிறார். அவளுடைய சிறு மகன் பூங்காவில் நேர்ந்த விபத்தில் இறந்தவன். பிள்ளையை இழந்த இருவரில், துரத்திப் பிடிக்க ஓர் எதிரி இருப்பது அவருக்கு மட்டும்தான். அவர் யாரென்று தெரிந்த பிறகும் அவள் அவரைக் காட்டிக்கொடுக்காமல் ஒளிந்திருக்க இடம் தருகிறாள். ஹிகாஷினோ அவளுக்கு ஒதுக்கிய பக்கங்கள் போதாது என்பது என் குறை. அவளுக்காகவே அந்தப் புதினத்தை மறுபடியும் படிப்பேன். இறுதியில் உயெனோ ரயில் நிலையத்தருகே, தேடியவன் துப்பாக்கியின் எதிரே நிற்கும்போது, வகாகோ நாகமினேயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர் ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் காவலரின் குண்டு அவர்மேல் பாய்கிறது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று படிக்கும்போது எனக்கும் ஆத்திரம் வந்தது. யோசித்துப் பார்த்தால், சுட்ட பிறகும் அந்த மனிதர் ஒரு வாழ்க்கை வாழ வேண்டியிருக்கும் என்று நினைத்தவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். கதையில் வரும் மற்றவர்களுக்கும், நானூறு பக்கங்களுக்கு மேல் கூடவே வந்த எனக்கும், அவர் குறி தவறாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.